காசாவா, மென்டரா, ஃபாஸ்டர் வீடா: எதை உங்களால் கடைசிவரை செய்ய முடியும்?

அமெரிக்காவில் ஃபாஸ்டர் கேரில், அதாவது பெற்றோர் வீட்டிலிருந்து எடுக்கப்பட்டு அரசுப் பொறுப்பில் தற்காலிகமாக வேறு வீட்டில் வளரும் நிலையில், இருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்பும் தமிழர்கள் பலரும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். நீதிமன்றத்தில் பிள்ளைக்காகப் பேசும் காசா தன்னார்வலராகப் போவதா, சனிக்கிழமைகளில் ஒரு பிள்ளையை வெளியே அழைத்துப் போகும் மென்டராக இருப்பதா, துணிந்து வீட்டிலேயே ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்வதா? நான்காவதாக இன்னொரு வழியும் உண்டு. வழக்குகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசீலிக்கும் மறுஆய்வுக் குழு. அதன் பெயரே பலருக்குத் தெரியாது.

2023 செப்டம்பர் இறுதியில் நாடு முழுவதும் சுமார் 3,43,000 பிள்ளைகள் ஃபாஸ்டர் கேரில் இருந்தார்கள். வீட்டிலிருந்து எடுக்கப்பட்டதற்குப் பதிவாகும் காரணங்களில் முதலிடம் அடி உதைக்கு இல்லை, கவனிப்பின்மைக்குத்தான். பிள்ளையை எடுத்த சில நாட்களுக்குள் முதல் விசாரணை நடக்கும். அதன்பின் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை வழக்கைப் பரிசீலிக்க வேண்டும். பிள்ளைக்கு நிரந்தரமாக எந்த வீடு என்பதைப் பேசும் விசாரணை பன்னிரண்டாவது மாதத்துக்குள் நடக்க வேண்டும். கடந்த 22 மாதங்களில் 15 மாதங்கள் பிள்ளை ஃபாஸ்டர் கேரில் இருந்துவிட்டால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பெற்றோர் உரிமையை ரத்து செய்யும் மனுவை ஏஜென்சி (குழந்தை நலத் துறை) தாக்கல் செய்தாக வேண்டும் என்கிறது 1997ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம். இந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைக்கு வீடு மாறும், பள்ளி மாறும், வழக்கைக் கவனிக்கும் ஏஜென்சி ஊழியரான கேஸ்வொர்க்கர் மாறுவார். நீங்கள் எந்த வேலையைத் தேர்ந்தாலும் இந்த ஓட்டத்துக்குள்தான் நுழைகிறீர்கள்.

## முதலில் அளவுகோல்கள்

"எது அதிகப் பயன் தரும்?" என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இந்த ஐந்தும் அதற்கு முன்னால் வர வேண்டியவை.

எவ்வளவு காலத்துக்கு உறுதி தர முடியும்? எல்லாவற்றையும்விட இது முக்கியம். இந்தப் பிள்ளைகள் பெரியவர்கள் பாதியில் காணாமல் போவதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள். அந்தப் பட்டியலில் உங்கள் பெயரும் சேர்ந்தால் உதவி என்று வந்ததே இன்னொரு காயமாகிவிடும். மென்டர் உறவுகளைப் பற்றி 2002இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று மாதத்துக்குள் உறவு முறிந்த பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது தெரியவந்தது. குறுகிய கால அன்பால் லாபமில்லை என்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, அது நஷ்டத்தில் முடிந்திருக்கிறது.

உங்கள் நேரம் எங்கே இருக்கிறது? மாதம் பத்து மணி நேரம் எவரிடமும் இருக்கும். அது செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணியா, ஞாயிறு மாலையா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உங்கள் சொல்லுக்கு எங்கே மதிப்பு? நீதிபதியிடமா, பிள்ளையிடமா, ஏஜென்சியிடமா?

எதைச் சுமக்க முடியும்? கோப்பில் படித்ததை வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது. சொல்லாமல் இருக்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்பே தெரிந்துகொண்டால் போதும்.

வீடு, விசா, பணம் என்ன நிலையில் இருக்கின்றன? இதை விரிவாகக் கீழே எழுதியிருக்கிறோம்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு:

| | காசா | மறுஆய்வுக் குழு | மென்டர் | ஃபாஸ்டர் வீடு |
|---|---|---|---|---|
| உறுதி | வழக்கு முடியும்வரை. ஒன்று முதல் இரண்டு ஆண்டு, சில சமயம் மேலும் | ஒவ்வொரு பதவிக்காலத்துக்கும் | குறைந்தது ஓராண்டு | பிள்ளை இருக்கும்வரை |
| நேரம் | மாதம் 8–15 மணி; சில வாரநாள் பகல்கள் | மாதம் ஒரு நாள் அளவு, அதற்கு முன் படிப்பு | மாதம் 2–4 சந்திப்பு, மாலை, வார இறுதி | முழு நாள், ஒவ்வொரு நாளும் |
| சொல் யாரிடம் செல்லும் | நீதிபதியிடம் நேரடியாக | நீதிமன்றத்துக்குப் பரிந்துரையாக | பிள்ளையிடம் மட்டும் | பிள்ளையிடம்; நீதிமன்றத்தில் ஓரளவு |
| பிள்ளையோடு உறவு | மாதம் ஒருமுறையாவது நேரில் | பெரும்பாலும் இல்லை | அதுதான் வேலையே | ஒரே கூரையின் கீழ் |
| மறைமுகச் செலவு | பெட்ரோல், விடுப்பு | குறைவு | வெளியே போகும் செலவு | வீட்டு மாற்றங்கள், பயணக் கட்டுப்பாடு, தூக்கம் |

## காசா: நீதிபதிக்குக் கண்ணும் காதுமாக

கோர்ட் அப்பாயின்ட்டட் ஸ்பெஷல் அட்வகேட் என்பதன் சுருக்கம் காசா. அட்வகேட் என்றதும் கறுப்பு கோட் நினைவுக்கு வரும். ஆனால் இவர் வக்கீல் அல்ல. சட்டம் படித்திருக்கத் தேவையில்லை, சட்ட ஆலோசனை சொல்லவும் கூடாது. 1977இல் சியாட்டிலில் டேவிட் சூக்கப் என்ற நீதிபதி தொடங்கிவைத்த ஏற்பாடு இது. சில பக்கத் தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் வாழ்க்கையை முடிவு செய்ய வேண்டியிருப்பது அவருக்கு உறுத்தியது. பிள்ளையை நேரில் பார்த்து, எல்லோரிடமும் பேசி, தனக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார். இன்று 49 மாநிலங்களிலும் வாஷிங்டன் டிசியிலும் இது இருக்கிறது.

பெயரும் அமைப்பும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஃபுளோரிடாவிலும் வட கரோலினாவிலும் இதே வேலைக்கு கார்டியன் ஆட் லைட்டம் என்று பெயர். வட கரோலினாவில் தன்னார்வலரும் ஒரு வழக்கறிஞரும் ஜோடியாகப் பிள்ளைக்காக நிற்பார்கள். டெக்சாஸில் பிள்ளைக்குத் தனி வழக்கறிஞர் இருப்பார், காசா அவருக்குப் பக்கத்தில் தனியாக இயங்குவார். ஆகவே தேடும்போது இரண்டு பெயர்களிலும் தேடுங்கள்.

சேரும் வழி. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பம், பரிந்துரையாளர்கள், நேர்காணல், குற்றப் பதிவு, பாலியல் குற்றவாளிகள் பட்டியல், குழந்தை வன்முறைப் பதிவேடு எனப் பின்னணிச் சோதனைகள் எல்லாம் முடிந்ததும் 30 மணி நேரப் பயிற்சி. பிறகு ஆண்டுக்கு 12 மணி நேரத் தொடர் பயிற்சி. நீதிபதி முன் உறுதிமொழி எடுத்த பின்புதான் வழக்கு கிடைக்கும். விண்ணப்பத்துக்கும் முதல் வழக்குக்கும் இடையே இரண்டு மூன்று மாதங்கள் ஓடிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு வழக்குகளுக்கு மேல் தர மாட்டார்கள். இந்த வேலையின் பலமே அதில்தான் இருக்கிறது. கேஸ்வொர்க்கர் இருபது பிள்ளைகளை நினைவில் வைத்திருக்க வேண்டும், நீங்கள் ஒருவரை வைத்திருந்தால் போதும்.

கையில் வரும் ஆயுதம். நீதிமன்ற நியமன ஆணை. இந்த ஒரு தாளைக் காட்டினால் பள்ளி, மருத்துவர், தெரபிஸ்ட், ஏஜென்சி எல்லோரும் பதிவுகளைத் தருவார்கள். முதல் மாதம் செய்ய வேண்டிய வேலை கோப்பைப் படித்து ஒரே தாளில் காலவரிசை எழுதுவது: எடுத்த தேதி, ஒவ்வொரு வீடும் வந்த, போன தேதி, ஒவ்வொரு பள்ளி, ஒவ்வொரு கேஸ்வொர்க்கர், பெற்றோரைச் சந்தித்த தேதிகள், ரத்தான சந்திப்புகள், ரத்துக்கான காரணம். கோப்பில் முந்நூறு பக்கம் இருக்கலாம். ஆனால் தாயைப் பார்க்கும் சந்திப்பு ஏழு முறை ரத்தானதும், அதில் ஐந்து முறை ஏஜென்சியிடம் ஓட்டுநர் இல்லாததே காரணம் என்பதும் இப்படி வரிசைப்படுத்தினால்தான் கண்ணில் படும். "தாய் வரவில்லை" என்று யாராவது ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

அறிக்கை. காசாவின் வேலை எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து சேர்கிறது. விசாரணைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே கொடுக்க வேண்டியிருக்கும். புதியவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். "பிள்ளை பள்ளியில் சரியாகப் படிப்பதில்லை, கவலையாக இருக்கிறது" என்று எழுதினால் நீதிபதியால் ஒன்றும் செய்ய முடியாது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"வயது 9. இந்தக் கல்வியாண்டில் இது மூன்றாவது பள்ளி. இரண்டாவது வீட்டிலிருந்து மாறியபோது மூக்குக் கண்ணாடி தொலைந்தது. முன் வரிசையில் உட்காரவைத்தும் பலகையைப் படிக்க முடியவில்லை என்று வகுப்பு ஆசிரியர் மார்ச் 3 அன்று தொலைபேசியில் சொன்னார். மெடிக்கெய்ட் (அரசு மருத்துவக் காப்பீடு) அட்டை புதிய வீட்டுக்கு இன்னும் வரவில்லை என்று மார்ச் 5 வருகையின்போது வளர்ப்புத் தாய் சொன்னார். பரிந்துரை: ஏஜென்சி 5 வேலை நாட்களுக்குள் அட்டையைத் தர வேண்டும், 14 நாட்களுக்குள் கண் பரிசோதனை நடக்க வேண்டும்."

யார், எதை, எந்தத் தேதிக்குள். இந்த மூன்றும் இருந்தால் நீதிபதி அந்த வரியை அப்படியே ஆணையாக்கலாம். நீங்கள் கண்ணால் கண்டது, பிறர் சொன்னது, உங்கள் கருத்து, இவை மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் முதலில் பிடிபடுவது அந்தக் கலப்புதான்.

இன்னொன்றும் இருக்கிறது. காசா பேசுவது பிள்ளையின் நலனுக்காக. பிள்ளையின் விருப்பமும் நலனும் எப்போதும் ஒன்றாக இருக்காது. பதினான்கு வயதுப் பெண் அம்மாவிடம் போக வேண்டும் என்கிறாள், அது பாதுகாப்பில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அப்போதும் அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே அறிக்கையில் எழுதிவிட்டு, அடுத்த பத்தியில்தான் உங்கள் பரிந்துரையை எழுத வேண்டும். அவள் சொன்னதை விட்டுவிட்டு எழுதினால் அது துரோகம். "நான் சொன்னதை அந்த அங்கிள் கோர்ட்டில் சொல்லவே இல்லை" என்று அவளுக்குத் தெரியவந்தால் அதற்குப் பிறகு உங்களிடம் எதுவும் சொல்ல மாட்டாள்.

எங்கே தவறுகிறது? பெரும்பாலும் நல்ல மனசால்தான் தவறுகிறது. பிள்ளையைக் காரில் ஏற்றிப் போவதைப் பல அமைப்புகள் அனுமதிப்பதில்லை. வீட்டுக்கு அழைத்துப் போகக் கூடாது. பணமோ விலையுயர்ந்த பரிசோ கூடாது. பொங்கலுக்கு ஒரு நல்ல ஷூ வாங்கித் தந்தால் என்ன என்று தோன்றும். அடுத்த மாதம் தந்தை சாட்சி சொல்லும்போது அந்த ஷூ உங்கள் நடுநிலைக்கு எதிரான கேள்வியாக வந்து நிற்கும். வாக்குறுதியும் கூடாது. "கண்டிப்பா உன்னை அம்மாகிட்ட சேர்த்துடுவேன்" என்பது உங்கள் கையில் இல்லாத ஒன்று. "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்பதும் அப்படித்தான். வக்கீலுக்கு உள்ள ரகசியக் காப்பு உங்களுக்கு இல்லை, பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும். முதல் சந்திப்பிலேயே அதைப் பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த தவறு வெளியே தெரியாது, ஆனால் ஆழமானது. டெக்சாஸ் வழக்குகளை வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், காசா நியமிக்கப்பட்ட பிள்ளைகள் பெற்றோரிடம் திரும்புவது குறைவாகவும் தத்துக்குப் போவது அதிகமாகவும் இருந்தது. காசாவுக்குக் கடினமான வழக்குகளே தரப்படுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் வசதியான வீட்டிலிருந்து வருபவர் ஏழை வீட்டைப் பார்க்கும் கண்ணைப் பற்றிய எச்சரிக்கையாகவே இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து. தரையில் மெத்தை போட்டுப் படுப்பதும், மூன்று பிள்ளைகள் ஓர் அறையில் தூங்குவதும் நம் ஊரில் எத்தனை நல்ல வீடுகளில் நடந்தது! "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதையும் "பிள்ளைக்கு ஆபத்து" என்பதையும் பிரித்துப் பார்க்க முடியாதவர் இந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. ஒரு சின்னச் சோதனை: அறிக்கையில் பெற்றோரைப் பற்றிக் குறையாக எழுதும் ஒவ்வொரு வரிக்கும் அருகில் "இதனால் பிள்ளைக்கு என்ன நேர்ந்தது?" என்று எழுதிப் பதில் போடுங்கள். பதில் வராத வரியை அடித்துவிடுங்கள்.

மறைமுகச் செலவு. பிள்ளை உங்கள் கவுன்ட்டியிலேயே இருப்பதாகத்தான் வழக்கு தொடங்கும். நான்காம் மாதம் எழுபது மைல் தள்ளியுள்ள வீட்டுக்கு மாற்றுவார்கள். மாதம் ஒருமுறை சந்திக்கும் கடமை அப்படியே இருக்கும். தொண்டுப் பணிக்காக ஓட்டும் மைலுக்குக் கூட்டாட்சி வரியில் 14 சென்ட் கழிவு உண்டு, ஆனால் செலவினங்களைத் தனித்தனியாகக் காட்டி வரி தாக்கல் செய்பவருக்கே அது பயன்படும். விசாரணை காலை 9 மணி என்று போட்டிருப்பார்கள், அழைப்பது 11:40க்கு. அல்லது ஒத்திவைப்பார்கள். ஆண்டுக்கு நான்கைந்து அரைநாள் விடுப்பை இதற்கென ஒதுக்கிவிடுங்கள். சில நிறுவனங்கள் தன்னார்வப் பணிக்குத் தனி விடுப்பு தருகின்றன, ஹெச்ஆரிடம் கேட்டுப் பாருங்கள்.

யாருக்குப் பொருந்தும்? எழுத வரும், எதிர்ப்பக்கத்து வக்கீல் கேள்வி கேட்டால் குரல் நடுங்காது, அடுத்த இரண்டு ஆண்டு இதே ஊரில்தான் என்று ஓரளவு உறுதி உண்டு, பகலில் அவ்வப்போது எழுந்து போக முடியும் என்றால் இதைவிட வலுவான இடம் வேறில்லை. ஆங்கிலம் தாய்மொழியாக இருக்க வேண்டியதில்லை. தெளிவாக எழுதினால் போதும், உங்கள் மேற்பார்வையாளர் ஒவ்வொரு அறிக்கையையும் படித்துத் திருத்திய பிறகே நீதிமன்றத்துக்கு அனுப்புவார்.

## மறுஆய்வுக் குழு: சந்தடியில்லாத இடம்

அரிசோனா, ஓரிகன், நியூ ஜெர்சி, மேரிலாந்து உள்ளிட்ட சில மாநிலங்களில் மட்டும் இருக்கிறது. பெயர் இடத்துக்கு இடம் வேறு: அரிசோனாவில் ஃபாஸ்டர் கேர் ரிவ்யூ போர்டு, ஓரிகனில் சிட்டிசன் ரிவ்யூ போர்டு, நியூ ஜெர்சியில் சைல்டு பிளேஸ்மென்ட் ரிவ்யூ. உங்கள் மாநிலத்தில் இல்லையென்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள்.

பொதுமக்களில் சிலர் ஒரு குழுவாக மாதம் ஒருமுறை உட்கார்ந்து, பல பிள்ளைகளின் வழக்குகளை வரிசையாகப் பார்ப்பார்கள். கோப்புகள் முன்கூட்டியே வரும், படித்துவிட்டுப் போக வேண்டும். ஒரு வழக்குக்கு அரை மணி நேரம் கிடைத்தாலே அதிகம். திட்டப்படி சேவைகள் கிடைக்கின்றனவா, பிள்ளை இருக்கும் இடம் சரியா, ஏஜென்சி நியாயமான முயற்சி எடுத்ததா என்று கேட்டு, முடிவுகளை நீதிமன்றத்துக்குப் பரிந்துரையாக எழுதுவார்கள்.

இதன் அருமை பலருக்குப் புரிவதில்லை. ஒரு பிள்ளையின் கண்ணாடி தொலைந்ததைக் காசா பார்ப்பார். ஐந்து பிள்ளைகளின் மெடிக்கெய்ட் அட்டைகள் ஒரே அலுவலகத்தில் தேங்கிக் கிடப்பதைக் குழுதான் பார்க்கும். ஒரே மாதத்தில் பல கோப்புகளைப் படிப்பவருக்கே அந்த வடிவம் தெரியும். கணக்கு, தணிக்கை, தரக் கட்டுப்பாடு எனப் பழகிய நம்மவர்களுக்கு இது கைவந்த வேலை.

பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே இருப்பது சிலருக்கு வெறுமையாக இருக்கும். முடிவு என்னவாயிற்று என்பதும் பல சமயம் தெரியாது. ஆனால் வேலை பறிபோய் நீங்கள் ஊர் மாற நேர்ந்தாலும் எந்தப் பிள்ளையும் உங்களைத் தேடி ஏமாறாது. வருங்காலம் நிச்சயமில்லாதவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வோம்.

## மென்டர்: சட்டம் சாராத நட்பு

பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் 1904இலிருந்து இருக்கிறது. ஃபாஸ்டர் கேர் பிள்ளைகளுக்கென்றே நடக்கும் உள்ளூர் மென்டர் திட்டங்களும் பல கவுன்ட்டிகளில் உண்டு. மாதம் இரண்டு முதல் நான்கு முறை, சில மணி நேரம், குறைந்தது ஓராண்டு. காசாவுக்குத் தடையாக இருப்பவை பல இங்கே அனுமதி: காரில் அழைத்துப் போகலாம், பீட்சா சாப்பிடலாம், நூலகத்தில் கணக்குச் சொல்லித் தரலாம். பிள்ளையைப் பற்றி யாருக்கும் அறிக்கை எழுத வேண்டியதில்லை, அதனால் பிள்ளையும் இறுக்கமில்லாமல் பேசும்.

அதிகாரம் எதுவும் கிடையாது. பிள்ளையின் கோப்பு உங்களுக்குத் தெரியாது. வீடு மாற்றினால் சொல்லாமலே மாற்றிவிடலாம், எண்பது மைல் தள்ளிப் போனால் சந்திப்புகள் அத்தோடு நின்றும் போகலாம். இந்த முறிவுக்குத் தயாராக முன்பே ஒரு வழி செய்துவையுங்கள்: வீடு மாறினாலும் வாரம் ஒரு வீடியோ அழைப்பு தொடர ஏஜென்சியும் திட்ட ஒருங்கிணைப்பாளரும் ஒப்புக்கொள்வார்களா என்று தொடக்கத்திலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். செலவுக்கும் ஓர் எல்லை வையுங்கள். ஒவ்வொரு சந்திப்பும் கேம் சென்டரும் ஷாப்பிங்குமாக இருந்தால் பிள்ளை உங்களைவிட உங்கள் கார்டுக்காகக் காத்திருக்கத் தொடங்கும். பூங்கா, சைக்கிள், சமையல் போதும்.

வாரநாள் பகலில் நகர முடியாதவர்களுக்கும், நீதிமன்றச் சூழல் ஒத்துவராதவர்களுக்கும் இதுவே நல்லது. பதினாறு பதினேழு வயதில், தத்தெடுக்க யாரும் முன்வராத நிலையில் வயது வரம்பைத் தாண்டி வெளியேறப்போகும் பிள்ளைகளுக்கு, ரெஸ்யூமே எழுதவும் டிரைவிங் பழகவும் வங்கிக் கணக்கு திறக்கவும் பக்கத்தில் ஒருவர் இருப்பது, நல்ல அறிக்கை ஒன்றைவிடப் பெரிது. பெரிய பிள்ளைகளுக்கு மென்டர் கிடைப்பது அரிது. சேரும்போதே "பதின்வயதினரை ஏற்கிறேன்" என்று சொல்லுங்கள்.

## ஃபாஸ்டர் வீடு: வாசலைத் திறப்பது

மற்ற மூன்றும் உங்கள் நேரத்தில் ஒரு பங்கைக் கேட்கும். இதற்கு உங்கள் வீடு முழுவதும் வேண்டும். பயிற்சி, கைரேகை, வீட்டு ஆய்வு, மருத்துவச் சான்று என உரிமம் வாங்கவே பல மாதங்கள் ஆகும். மருந்துகள் பூட்டியிருக்க வேண்டும், புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்ய வேண்டும், பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புத் தொகை தருவார்கள். கூட்டாட்சி வருமான வரியில் பொதுவாக அதை வருமானமாகக் கணக்கிடுவதில்லை. அதை நம்பி இறங்காதீர்கள், பிள்ளையின் செலவுக்கே சரியாகிவிடும்.

நம் வீடுகளுக்கென்றே உள்ள சிக்கல்களை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அப்பா அம்மா ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கினால், வீட்டில் வாழும் பெரியவர்கள் என்ற கணக்கில் அவர்களுக்கும் பின்னணிச் சோதனை கேட்கப்படலாம். டிக்கெட் போடும் முன்பே ஏஜென்சியிடம் சொல்லுங்கள். டிசம்பரில் இந்தியா போக வேண்டுமென்றால் பிள்ளையைக் கூட்டிப்போக நீதிமன்றமோ ஏஜென்சியோ அனுமதிக்க வேண்டும், பெரும்பாலும் கிடைக்காது. அந்த மூன்று வாரம் பிள்ளை வேறு வீட்டுக்குப் போகும். "என்னை விட்டுட்டுப் போறாங்க" என்பதுதான் அதற்குத் தோன்றும். சைவ வீட்டில் பிள்ளையைச் சைவமாக்க முயலக் கூடாது. சிக்கன் நக்கெட்டும் சீரியலும் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு முதல் வாரம் சாம்பார் சாதம் வைத்தால் பட்டினி கிடக்கும். அடிக்கவே கூடாது, ஒரு தட்டுகூட. வீட்டிலுள்ள உங்கள் பிள்ளைகளிடம் தனியாகக் கேளுங்கள், ஒருமுறை அல்ல, ஒவ்வொரு கட்டத்திலும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது ஒன்று உண்டு. பெரும்பாலான வழக்குகளின் முதல் இலக்கு பிள்ளையைப் பெற்றோரிடம் சேர்ப்பது. பதினான்கு மாதம் உங்கள் மடியில் தூங்கிய குழந்தை அதன் தாயிடம் திரும்பினால் உங்கள் வேலை வெற்றி பெற்றது என்று பொருள். அதை வெற்றியாக நினைக்க முடியாது, தத்தெடுப்பதே மனதில் இருக்கிறது என்றால் ஏஜென்சியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெற்றோர் உரிமை ஏற்கெனவே ரத்தான பிள்ளைகளுக்கான தத்து வழி தனியாக இருக்கிறது.

முழுதாக இறங்கத் தயக்கமா? ரெஸ்பிட் என்று ஒன்று உண்டு. மற்ற ஃபாஸ்டர் குடும்பம் ஓய்வெடுக்கவோ அவசரத்துக்கு ஊருக்குப் போகவோ பிள்ளையை ஒரு வார இறுதிக்கு உங்களிடம் விடுவார்கள். இதற்கும் பல இடங்களில் சோதனைகள் உண்டு. ஆனால் உங்கள் வீடு இதைத் தாங்குமா என்று தெரிந்துகொள்ள இதைவிட நேர்மையான வழி கிடையாது.

## விசாவில் இருப்பவர்கள்

காசா, குழு, மென்டர் மூன்றிலும் ஊதியம் இல்லை. அதனால் எச்-1பி, எச்-4 என வேலை விசாக் குடும்பங்களில் இருப்பவர்களுக்கும் பொதுவாக இடமுண்டு. உங்கள் நிலையில் ஏதாவது சிக்கல் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காசாவின் பின்னணிச் சோதனையில் சோஷியல் செக்யூரிட்டி எண் சரிபார்ப்பும் உண்டு. வேலை அனுமதி இல்லாத எச்-4 துணைவர்களிடம் அந்த எண் இருக்காது. முப்பது மணி நேரப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும் முன்பே உள்ளூர் அலுவலகத்தில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய கேள்வி வேறு. எச்-1பியில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலையோ வேறு விசாவோ கிடைக்கவில்லையென்றால் கிளம்ப வேண்டும். எட்டாம் மாதத்தில் காசா வெளியேறினால் புதியவர் அந்தக் கோப்பை முதலிலிருந்து படிக்க வேண்டும், பிள்ளையும் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஐந்தாறு முறை சொன்ன பிள்ளை ஏழாவது முறை சொல்லாது. நிறுவனத்தில் ஆட்குறைப்புப் பேச்சு அடிபட்டால் இந்த ஆண்டு மறுஆய்வுக் குழுவில் சேருங்கள், அல்லது காசா அமைப்பின் நிதி திரட்டலிலும் அலுவலக வேலையிலும் கைகொடுங்கள். கிரீன் கார்டு வந்தபின் பிள்ளை ஒன்றை ஏற்கலாம். முன்பே தெரிந்த தேதியில் ஊர் மாறப்போகிறீர்கள் என்றால், தாமதம் நல்லது.

## முதல் தொலைபேசி அழைப்பில் கேட்க வேண்டியவை

எதைத் தேர்ந்தாலும் உள்ளூர் அலுவலகத்தின் தரம்தான் உங்கள் அனுபவத்தைத் தீர்மானிக்கும். ஒரே மாநிலத்தில் இரண்டு கவுன்ட்டிகள் இரண்டு விதமாக இருக்கும். இவற்றைக் கேளுங்கள்:

ஒரு மேற்பார்வையாளரின் கீழ் எத்தனை தன்னார்வலர்கள்? முப்பதுக்கு மேல் என்றால் உங்கள் அறிக்கையைப் படிக்க அவருக்கு நேரமிருக்காது. விசாரணைகள் எந்தக் கிழமை, நேரிலா காணொலியிலா? காரில் ஏற்றுவது பற்றி உங்கள் விதி என்ன? பிள்ளை வேறு கவுன்ட்டிக்கு மாறினால் வழக்கு என்னிடமே இருக்குமா? பள்ளி மாறாமல் பழைய பள்ளியிலேயே தொடர 2015ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தரும் உரிமையை இங்கே எப்படிக் கேட்டு வாங்குகிறீர்கள்? (இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் அலுவலகம் பிள்ளைகளின் அன்றாடத்தை அறிந்த அலுவலகம்.) நடுவில் என் வீட்டில் சாவோ நோயோ வந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள்?

கடைசியாக, போன ஆண்டு வழக்கு முடியும் முன்பே விலகிய தன்னார்வலர்கள் எதனால் விலகினார்கள் என்று கேளுங்கள். பதிலில் வரும் காரணங்களை ஒரு தாளில் எழுதி, அவற்றில் எதெல்லாம் உங்களுக்கும் நேரக்கூடியது என்று வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறியுங்கள். இரண்டுக்கு மேல் குறி விழுந்தால், மேலே உள்ள அட்டவணையில் வேறொரு வேலைக்கு நகருங்கள்.